வைக்கோல், பசும்புல், அடர்தீவனம்: மூன்றையும் ஒன்றாகக் கலந்து கறவை மாட்டுக்குக் கொடுப்பது எப்படி

வேலூர் மாவட்டத்துக் கிராமங்களில் மாட்டுக்குத் தீனி வைக்கும் வழக்கம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். விடியற்காலையில் கறப்பதற்கு முன்னால் தவிடும் பிண்ணாக்கும் கரைத்த தண்ணீர் ஒரு தொட்டி. வெயில் ஏறியதும் ஏரிக்கரையிலோ வரப்பிலோ மேய்ச்சல், இல்லாவிட்டால் ஒரு கட்டுப் புல். சாயங்காலம் மறுபடியும் தவிட்டுத் தண்ணீர். ராத்திரிக்கு வைக்கோலை உதறிப் போட்டுவிட்டுப் படுக்கப் போவோம். இரண்டு லிட்டர் கறக்கிற நாட்டு மாட்டுக்கு இது போதும். பத்து லிட்டர் கறக்கிற ஜெர்சி கலப்பின மாட்டுக்குப் போதாது. செலவு முழுதாக ஆகும், பால் முழுதாக வராது.

புதிதாக ஒன்றிரண்டு கறவை மாடு வாங்கியவர்களும், ஐந்தாறு மாட்டோடு சின்னப் பண்ணை தொடங்க நினைப்பவர்களும் செய்யக்கூடிய ஒரு மாற்றத்தை இங்கே சொல்கிறேன். மாடு ஒரு நாளில் தின்ன வேண்டிய எல்லாவற்றையும் அளந்து, நறுக்கி, ஒன்றாகக் கலந்து வைப்பது. பெரிய பண்ணைகளில் இதை டி.எம்.ஆர் (மொத்தக் கலவைத் தீவனம்) என்பார்கள், அதற்கென்று இயந்திரமும் உண்டு. நமக்கு ஒரு தராசு, ஒரு இஞ்சு டேப், புல் வெட்டும் மெஷின், ஒரு தார்ப்பாய், ஒரு மண்வெட்டி போதும்.

ஏன் கலக்க வேண்டும்

மாட்டின் முதல் வயிற்றில் கணக்கில்லாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வைக்கோலையும் புல்லையும் உடைத்துச் சத்தாக மாற்றுவது அவைதான். பிறகு அந்த நுண்ணுயிர்களே அடுத்தடுத்த வயிறுகளுக்குப் போய்ச் செரித்து, மாட்டுக்குப் புரதமாகின்றன. அவற்றுக்கு வேண்டியது நாள் முழுக்க ஒரே மாதிரியான சாப்பாடு. மாவுச்சத்து நிறைந்த தீவனம் ஒரே நேரத்தில் மொத்தமாக இறங்கினால் முதல் வயிற்றில் அமிலம் மளமளவென்று ஏறுகிறது. நாரை உடைக்கிற நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் சுணங்கிப்போகும். அப்புறம் ராத்திரி போடும் வைக்கோலில் பாதி, சரியாகச் செரிக்காமல் சாணமாக வெளியே வரும்.

இந்த அமிலத்தை அடக்க மாட்டிடமே மருந்து இருக்கிறது, அதன் எச்சில். நன்றாக மென்று அசை போடுகிற மாட்டுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கும். சோடா உப்பின் குணம் உள்ள எச்சில் அது. ஆனால் மென்றால்தான் சுரக்கும். கரைத்த தீவனத்தை மாடு உறிஞ்சிக் குடித்துவிடுகிறது, மெல்வதே இல்லை. அதே ஐந்து கிலோ தீவனத்தை நறுக்கிய வைக்கோலோடும் புல்லோடும் கலந்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வாய்க்கும் மென்றாக வேண்டும்.

இதன் பலன் பால் சொசைட்டியில் தெரியும். பாலுக்கு விலை கொழுப்பையும் எஸ்.என்.எஃப்பையும் (கொழுப்பு நீங்கலான மற்ற திடச்சத்து) பார்த்துத்தான். பாலில் கொழுப்பு உருவாவதற்கான மூலப்பொருளில் பெரும்பகுதி நார் செரிப்பதிலிருந்து வருகிறது. நார் சரியாகச் செரிக்காத மாட்டின் பால் அளவில் நன்றாக இருந்தாலும் கொழுப்பில் இறங்கிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. மாடு பொறுக்கித் தின்னும். இலையைத் தின்றுவிட்டுத் தண்டைத் தள்ளும். தவிட்டை நக்கிவிட்டு வைக்கோலைக் காலில் போட்டு மிதிக்கும். நறுக்கிக் கலந்துவிட்டால் அதற்கு வழியில்லை.

முதலில் மாட்டை அளந்துகொள்ளுங்கள்

எடை தெரியாமல் தீவனக் கணக்கு போட முடியாது. மாட்டைத் தராசில் ஏற்ற வேண்டியதில்லை. சமதரையில் நேராக நிறுத்துங்கள். முன்னங்காலுக்குப் பின்னால், திமிலை ஒட்டி நெஞ்சைச் சுற்றி அளப்பது மார்புச் சுற்றளவு. தோள்பட்டை முனையிலிருந்து பின்புறத்து இடுப்பெலும்பு முனை வரை அளப்பது நீளம். இரண்டும் இஞ்சுக் கணக்கில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 66 இஞ்சு, நீளம் 60 இஞ்சு என்றால் 396 கிலோ. நம் பக்கத்து ஜெர்சி கலப்பின மாடுகளில் பல இந்த எடையை ஒட்டித்தான் இருக்கும். ஒரு பத்து இருபது கிலோ முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

உலர் எடை என்ற கணக்கு

புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

20 கிலோ பசும்புல் போட்டேன் என்று சொல்கிறோம். அதில் 16 கிலோ தண்ணீர். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் (கோ-4, கோ-5 இரகங்கள்) நூற்றுக்கு 20 பங்குதான் உலர் பொருள். வைக்கோலிலும் தவிடு, பிண்ணாக்கு, மக்காச்சோளத்திலும் நூற்றுக்கு 90 பங்கு. நன்றாகச் செய்த ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) சுமார் 30 பங்கு. மாட்டின் வயிறு நிறைவதையும் பால் உற்பத்தியையும் முடிவு செய்வது இந்த உலர் எடைதான்.

கறவையில் இருக்கும் கலப்பின மாடு ஒரு நாளைக்குத் தன் உடல் எடையில் 3 சதவீதம் அளவுக்கு உலர் பொருள் தின்னும். நாட்டு மாட்டுக்கு 2 முதல் 2.5 சதவீதம். ஆக, நம் 400 கிலோ மாட்டுக்கு 12 கிலோ உலர் பொருள் வேண்டும்.

விலையை ஒப்பிடுவதற்கும் இதே கணக்கு உதவும். ஒரு பேச்சுக்கு, புல்லைக் கிலோ 3 ரூபாய்க்கு வாங்கினால் உலர் எடையில் கிலோ 15 ரூபாய் ஆகிறது. ஈரமாக லாரியில் வரும் மரவள்ளித் திப்பி, பீர் கழிவு போன்றவற்றை மலிவு என்று நினைத்து வாங்குவதற்கு முன்னால் இந்த வகுத்தலைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோமா என்று அப்போதே தெரிந்துவிடும்.

பத்து லிட்டர் மாட்டுக்கு ஒரு கணக்கு

400 கிலோ எடை, நாளைக்கு 10 லிட்டர் பால். அடர்தீவனத்தில், அதாவது தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த தீவனத்தில் தொடங்குவோம். உடம்பைக் காப்பாற்ற 1.5 கிலோ, ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 400 கிராம். 10 லிட்டருக்கு 4 கிலோ, மொத்தம் 5.5 கிலோ. உலர் எடையில் இது ஏறக்குறைய 5 கிலோ.

மிச்சம் 7 கிலோ உலர் எடை புல்லிலும் வைக்கோலிலும் வர வேண்டும். ஒட்டுப்புல் 20 கிலோ போட்டால் 4 கிலோ. வைக்கோல் மூன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் 3 கிலோ. ஆக 12.

இந்தக் கலவையில் நார்த்தீவனத்தின் (புல், வைக்கோல்) பங்கு பாதிக்கு மேல், அதாவது 58 சதவீதம் இருக்கிறது. இந்தப் பங்கு பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பால் குறைகிறதே என்று இன்னும் ஒரு படி தீவனம், இன்னும் ஒரு படி என்று ஏற்றிக்கொண்டே போவதுதான் நம் ஊரில் நடக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அந்தத் தீவனம் பாலாக வராது, வயிற்றுக் கோளாறாகத்தான் வரும்.

வேலிமசால் என்ற பயறு வகைப் பசுந்தீவனம் கிடைத்தால் பெரிய உதவி. அதன் உலர் எடையில் புரதம் ஒட்டுப்புல்லைப் போல இரண்டு மடங்கு. 20 கிலோ புல்லில் 5 கிலோவை வேலிமசாலாக மாற்றினால் அடர்தீவனத்தில் அரை கிலோ குறைக்கலாம். தோட்டத்து வேலியில் அகத்தி, கிளைரிசிடியா இருந்தால் அவற்றையும் அளவாகச் சேர்க்கலாம். சவுண்டல் (சுபாபுல்) இலையை மட்டும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். அதில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது.

சினை ஏழு மாதத்தைத் தாண்டிய மாட்டுக்கு, கறவை வற்றிப்போயிருந்தாலும், உடம்புக்கான 1.5 கிலோவோடு கன்றுக்காக இன்னும் ஒன்று, ஒன்றரை கிலோ அடர்தீவனம் சேர்க்க வேண்டும்.

அடர்தீவனத்தை வீட்டிலேயே தயார் செய்ய

கடையில் மூட்டையாக வாங்குவது தவறில்லை. மூட்டையில் தைத்திருக்கும் சீட்டில் புரதம் எத்தனை சதவீதம் என்று படித்துவிட்டு வாங்குங்கள். வீட்டிலேயே கலக்க நினைத்தால் 100 கிலோவுக்கு ஓர் அளவு இது:

மக்காச்சோளம் (கொரகொரப்பாக உடைத்தது) 35 கிலோ
வேர்க்கடலைப் பிண்ணாக்கு 17 கிலோ
தேங்காய்ப் பிண்ணாக்கு 10 கிலோ
கோதுமைத் தவிடு 15 கிலோ
எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு 10 கிலோ
உளுத்தம்பொட்டு 10 கிலோ
தாது உப்புக் கலவை 2 கிலோ
சாதா உப்பு 1 கிலோ

இதில் புரதம் சுமார் 18 சதவீதம் வரும். தாது உப்பு இதிலேயே சேர்ந்துவிடுவதால் தனியாக வைக்க வேண்டியதில்லை. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டு மண்ணுக்கும் தீவனத்துக்கும் ஏற்ற தாது உப்புக் கலவையைத் தயாரித்து விற்கிறது. சினை பிடிக்காத மாட்டுக்கு ஊசிக்கு மேல் ஊசி போடுவதற்கு முன்னால், தாது உப்பு ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள்.

மக்காச்சோளத்தை மாவாக அரைத்துவிடாதீர்கள். மாவு முதல் வயிற்றில் ஒரே மூச்சில் புளித்துவிடும். ரவையை விடக் கொஞ்சம் பெரிதாக உடைத்தால் சரி. முழுதாகப் போட்டாலும் வீண், சாணத்தில் அப்படியே வந்துவிடும்.

வேர்க்கடலைப் பிண்ணாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டம் கடலை விளைகிற மாவட்டம், செக்குகளும் நிறைய. பிண்ணாக்கு சுலபமாகக் கிடைக்கும் என்பதாலேயே பார்க்காமல் வாங்குகிறோம். ஈரத்தில் கிடந்த கடலையிலும் பிண்ணாக்கிலும் பூஞ்சணம் பிடிக்கும். அது அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மாட்டின் கல்லீரலைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தைகள். வேக வைத்தாலும் காய்ச்சினாலும் போகாது. பிண்ணாக்கு வில்லையை உடைத்து உள்ளே பாருங்கள், முகர்ந்து பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால், மக்கு வாசனை அடித்தால் வாங்க வேண்டாம். வீட்டில் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் குறைவாக.

நறுக்குதல்

வைக்கோலையும் புல்லையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்க வேண்டும். அதைவிட நீளமாக இருந்தால் மாடு பொறுக்கும். தூளாகிவிட்டால் மெல்லாது, அசையும் போடாது. கலக்குவதன் நோக்கமே கெட்டுவிடும்.

நான்கைந்து மாடு வரை கையால் சுற்றும் வெட்டும் கருவி போதும். அதற்கு மேல் என்றால் மோட்டார் வைத்தது வாங்குங்கள். கால்நடை பராமரிப்புத் துறைத் திட்டங்களில் மானியத்தோடு கிடைக்கும் சமயங்கள் உண்டு. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். இந்த மெஷினில் விரல் போனவர்கள், கை போனவர்கள் இருக்கிறார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் வளையல் கயிறு எதுவும் தொங்காமல் நின்று வேலை செய்யுங்கள். சிக்கிய புல்லை எடுக்க மோட்டாரை நிறுத்திய பிறகுதான் கை வைக்க வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே கூடாது.

இப்போது வைக்கோல் பெரும்பாலும் மெஷின் கட்டாக, பிளாஸ்டிக் நூல் சுற்றி வருகிறது. அந்த நூலை ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். நறுக்கிய நூல் முதல் வயிற்றில் உருண்டையாகச் சேர்ந்து அங்கேயே தங்கிவிடும். கம்பி, ஆணி இருந்தால் அது வயிற்றைக் குத்தி இதயம் வரை போகும். கட்டைப் பிரித்து உதறிப் பார்க்காமல் மெஷினில் போடாதீர்கள்.

கலக்குகிற வரிசை

சிமெண்டுத் தரையோ தார்ப்பாயோ, சுத்தமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். நறுக்கிய வைக்கோலை முதலில் பரப்புங்கள். அதன் மேல் நறுக்கிய புல். அடர்தீவனத்தை அதற்கும் மேலே சீராகத் தூவ வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் எவ்வளவு கிளறினாலும் சமமாகப் பரவாது. ஊறுகாய்ப்புல் இருந்தால் பசும்புல்லோடு சேர்த்துப் போடலாம். பிறகு மண்வெட்டியால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு முழுதாகப் புரட்டி, திரும்பவும் இந்தப் பக்கம் புரட்டுங்கள். எந்த மூலையில் ஒரு கைப்பிடி எடுத்தாலும் வைக்கோல், புல், தவிடு மூன்றும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஈரம் மிக முக்கியம். கலவையில் பாதிக்குப் பாதி ஈரம் இருந்தால் தவிடு வைக்கோலில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்து போயிருந்தால் தவிடு அடியில் உதிர்ந்துவிடும், மாடு மறுபடி பொறுக்க ஆரம்பிக்கும். ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. கையைத் திறந்தால் உருண்டை மெதுவாக விரிய வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 20 கிலோ பசும்புல் இருப்பதால் தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை, புல்லின் ஈரமே போதும்.

ஒரு வேளைக்கு வேண்டியதை அந்த வேளையே கலக்குங்கள். ஈரக் கலவை நம் வெயிலில் சீக்கிரம் புளித்துச் சூடாகும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் தீனியை மாடு தொடாது.

பழக்குவது

நாளை காலையிலிருந்தே மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். முதல் வயிற்று நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். தவிட்டுத் தண்ணீரில் போகும் தீவனத்தில் கால் பங்கை எடுத்துக் கலவையில் சேருங்கள். நான்கைந்து நாள் கழித்து இன்னொரு கால் பங்கு. இப்படியே முழுதும் கலவைக்கு வந்துவிடலாம். கறக்கும் நேரத்தில் மாடு தொட்டியைத் தேடிக் கத்தும். ஒரு கைப்பிடி தவிடு போட்ட தண்ணீரைக் கொஞ்ச நாள் காட்டுங்கள், பிறகு வெறும் தண்ணீருக்குப் பழகிவிடும்.

வீட்டுப் பெரியவர்கள் இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் தயங்குவார்கள். மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டுவதை அவர்கள் பாசத்தோடு செய்து வந்தவர்கள். வாதம் செய்யாமல் ஒரே ஒரு மாட்டுக்கு முதலில் செய்து காட்டுங்கள்.

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாடு பிடித்து வந்தால், அது இதுவரை என்ன தின்றது என்று விற்றவரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். முதல் ஒரு வாரம் அதையே கொடுத்து, பயண அலுப்பு தீர்ந்து ஒழுங்காகத் தின்ன ஆரம்பித்த பிறகுதான் கலவைக்கு மாற்ற வேண்டும்.

தண்ணீர்

தீவனத்தைத் தண்ணீரில் கரைக்க வேண்டாம் என்றேனே தவிர, தண்ணீரைக் குறைக்கச் சொல்லவில்லை. கறவை மாட்டுக்கு 60 முதல் 80 லிட்டர் வேண்டும், சித்திரை வெயிலில் அதற்கும் மேலே. தொட்டியில் எந்நேரமும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். பாலாற்றை ஒட்டிய பல ஊர்களில் தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணற்று நீர் கெட்டுப்போனது எல்லோருக்கும் தெரியும். 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விவகாரம் அது. தண்ணீர் உப்பாக இருந்தால் மாடு குறைவாகக் குடிக்கும், குறைவாகத் தின்னும். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் தீவனத்தில் கைவைப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

எப்போது வைப்பது, எதைப் பார்ப்பது

காலையில் பாதி, மாலையில் பாதி. கோடையில் விடியலுக்கு முன்னால் ஒரு பங்கு, பொழுது சாய்ந்த பிறகு பெரிய பங்கு. 40 டிகிரி வெயிலில் மாடு மூச்சிரைக்குமே தவிரத் தின்னாது. இடையில் இரண்டு மூன்று முறை தொட்டியில் இருக்கும் கலவையைப் புரட்டி முன்னால் தள்ளிவிட்டால் மறுபடி வாய் வைக்கும்.

மறுநாள் தொட்டியில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு மிஞ்சியிருந்தால் அளவு சரி. துடைத்து வைத்தது போலக் காலியாக இருந்தால் போதவில்லை. மிஞ்சியது முழுக்க வைக்கோல் தண்டாகவே இருந்தால் மாடு பொறுக்கியிருக்கிறது. இன்னும் சின்னதாக நறுக்க வேண்டும், அல்லது ஈரம் போதவில்லை.

அடுத்து சாணத்தைப் பாருங்கள். கட்டியாகவும் இல்லாமல் நீராகவும் இல்லாமல், விழுந்த இடத்தில் அடைபோல நிற்க வேண்டும். தண்ணியாக, நுரையோடு, புளித்த வாடை அடித்தால் மாவுச்சத்து அதிகம், நார் குறைவு. உருண்டை உருண்டையாகக் காய்ந்து விழுந்தால் புரதமோ தண்ணீரோ போதவில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு கை சாணத்தைப் பழைய மாவுச் சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலசுங்கள். உடையாத மக்காச்சோளமும் நீள வைக்கோலும் அதில் தெரிந்தால் எங்கே வீணாகிறது என்று தெரிந்துவிடும்.

மதியம் படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் அசை போடுவது நல்ல மாட்டின் வழக்கம்.

மாட்டுக்கு மாடு பால் வேறுபட்டால்

ஒரு மாடு பன்னிரண்டு லிட்டர், ஒன்று ஆறு லிட்டர், ஒன்று வற்றுக்கறவை. சின்னப் பண்ணையில் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கலக்க நேரம் இருக்காது. ஆறு லிட்டர் மாட்டுக்குப் பொருந்துகிற ஒரு பொதுக் கலவையைக் கறவை மாடுகளுக்கெல்லாம் வைத்துவிட்டு, ஆறுக்கு மேல் கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம் அடர்தீவனத்தைக் கறக்கும் நேரத்தில் இரண்டு வேளையாகப் பிரித்துத் தனியாகக் கொடுக்கலாம். பன்னிரண்டு லிட்டர் மாட்டுக்கு வேளைக்கு 1.2 கிலோ கூடுதலாக வரும்.

வற்றுக்கறவை மாட்டுக்கு இந்தக் கலவையை அப்படியே போடக் கூடாது. கொழுத்துப்போனால் கன்று போடும் நேரத்தில் சிரமம், போட்ட பிறகும் தீனி எடுக்காது. வைக்கோலையும் புல்லையும் கூட்டி, அடர்தீவனத்தைக் குறைத்துத் தனியாக வையுங்கள்.

புல் இல்லாத கோடைக்கு

மாசி பங்குனிக்கு மேல் நம் பக்கத்தில் பச்சை என்பதே அரிதாகிவிடும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறவர்கள் ஒரு மாட்டுக்குப் பத்து சென்ட் என்ற கணக்கில் ஒட்டுப்புல் நட்டு வைத்திருந்தால் தப்பிக்கலாம். முதல் அறுப்பு 75 நாளில் வரும், பிறகு 45 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். மற்றவர்கள் தை மாத அறுப்பு நடக்கும்போதே வைக்கோலை வாங்கிப் போர் போட்டுவிட வேண்டும். நாளைக்கு 4 கிலோ என்றால் வருஷத்துக்கு ஒரு மாட்டுக்கு ஒன்றரை டன். சித்திரையில் தேடினால் விலையும் ஏறியிருக்கும், வருவதும் பழசாக இருக்கும்.

மல்லாட்டை (வேர்க்கடலை)க் கொடியை விடாதீர்கள். வைக்கோலில் புரதம் மூன்று நான்கு சதவீதம்தான். நன்றாகக் காய்ந்த கொடியில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மழையில் நனைந்து கறுத்த கொடி வேண்டாம், மண்ணை நன்றாக உதறிவிட்டு நறுக்குங்கள்.

பசும்புல்லே இல்லாத நாட்களுக்கு அதே மாட்டின் கலவை இப்படி: வைக்கோல் 4 கிலோ, மல்லாட்டைக் கொடி மூன்றரை கிலோ, அடர்தீவனம் 5.5 கிலோ. எல்லாம் காய்ந்த பொருள் என்பதால் நாள் கலவைக்கு 8 லிட்டர் தண்ணீர் தெளித்துப் புரட்ட வேண்டும். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் வெல்லப்பாகு கரைத்தால் வாசனைக்கு மாடு விரும்பித் தின்னும். பச்சையே இல்லாமல் பல வாரம் போனால் வைட்டமின் ஏ குறையும். முருங்கைத் தழையோ அகத்தியோ ஒரு கைக்கட்டு கிடைத்தாலும் சேருங்கள்.

மழைக்காலத்து மக்காச்சோளத்தை ஊறுகாய்ப்புல்லாகப் போட்டு வைத்தால் கோடைக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. மணி பால் பிடித்து மாவாகும் பருவத்தில் அறுத்து, நறுக்கி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் டிரம்மிலோ பையிலோ மிதித்து அடைத்து, 45 நாள் மூடி வைக்க வேண்டும். பூஞ்சணம் பூத்த மேல் பகுதியை எடுத்து எறிந்துவிடுங்கள், மாட்டுக்குப் போடாதீர்கள்.

கலவையில் சேர்க்கக் கூடாதவை

பூக்காத இளஞ்சோளம், முக்கியமாக வறட்சியில் வாடி நிற்கும் பயிரும், அறுத்த பிறகு மழைக்குத் துளிர்த்த தாளும். அதில் உள்ள சயனைடு நச்சு சில நிமிடங்களில் மாட்டைச் சாய்த்துவிடும். சோளம் பூத்த பிறகே அறுங்கள். ஆமணக்குப் பிண்ணாக்கு வேண்டவே வேண்டாம். யூரியாவைக் கேள்விப்பட்ட அளவில் தீவனத்தில் போடாதீர்கள். வைக்கோலை யூரியாவில் பதப்படுத்தும் முறை இருக்கிறது, அதை நேரில் கற்றுக்கொண்ட பிறகே செய்ய வேண்டும்.

கடைசியாகச் சோறு. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றைக் குண்டானோடு கொண்டு வந்து மாட்டுக்குக் கொட்டுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. வீணாகப் போகிறதே, வாயில்லா ஜீவன் சாப்பிடட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பழக்கமில்லாத மாடு வயிறு நிறையச் சோறு தின்றால் முதல் வயிறு சில மணி நேரத்தில் புளித்து, மாடு தீனி எடுக்காமல், தள்ளாடி, படுத்துவிடும். உயிரே போகும். கஞ்சி கொடுத்தே பழகியவர்கள் அதை மெல்ல நிறுத்தி, அந்த மாவுச்சத்தை உடைத்த மக்காச்சோளமாகக் கலவையில் கொடுங்கள்.

சோறோ தானியமோ அதிகமாகத் தின்றுவிட்டது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஊரில் மருந்தகம் இல்லையென்றால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்சை அழைக்கலாம். தீவனக் கணக்கிலும் ஊறுகாய்ப்புல்லிலும் நேரடிப் பயிற்சி வேண்டுமானால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, வேலூரில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தையோ கேளுங்கள். போகும்போது உங்கள் மாட்டின் சுற்றளவு, நீளம், பால் அளவு, வீட்டில் கிடைக்கும் தீவனங்கள், அவற்றின் விலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அங்கேயே உட்கார்ந்து உங்கள் மாட்டுக்கான கலவையைப் போட்டு வாங்கிவிடலாம்.